நீதியின் நிறம் – 17: ஐந்து கிராமும் ஐந்நூறு கிராமும்

உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு தென் மாநிலங்கள் இயற்றிய கறுப்பர் சட்டங்களிலிருந்து 1960-களின் குடிமை உரிமைச் சட்டங்கள் வரை இத்தொடர் கடந்து வந்த நூறாண்டுக் காலத்தில், அமெரிக்கக் குற்றவியல் நீதியில் இன வேறுபாடு எங்கே குடிகொண்டிருந்தது என்று காட்டுவது ஆய்வாளருக்குப் பெரிய வேலையாக இருந்ததில்லை. அது சட்டத்தின் வாசகத்திலேயே இருந்தது. வாசகத்தில் இல்லாதபோது ஷெரீஃபின் வாய்ச்சொல்லிலும், வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி வரிசையிலும் இருந்தது. 1986-இல் வாஷிங்டனில் நிறைவேறிய போதைப்பொருள் ஒழிப்புச் சட்டத்தை அந்த வரிசையில் சேர்க்க முடியாது. அதில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. கறுப்பினத்தவரைச் சிறைக்கு அனுப்பும் நோக்கத்தோடு அது வரையப்பட்டது என்று எந்த மேல்நீதிமன்றத்திலும் நிறுவப்படவும் இல்லை. கிராம் கணக்கும் ஆண்டுக் கணக்கும் மட்டுமே கொண்ட அச்சட்டத்தின் ஒரு பிரிவின் கீழ்ச் சிறை சென்றவர்களில் பத்தில் எட்டு, ஒன்பது பேர் கறுப்பினத்தவராக இருந்தது எப்படி என்பதும், அதைக் கண்ட பிறகும் நீதிமன்றங்கள் கை வைக்காமல் விட்டது ஏன் என்பதும் இப்பகுதியின் பொருள்.

முதலில் பொருளைப் பற்றி. கோகெய்ன் என்பது கோகா இலையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஆல்கலாய்டு. வெள்ளைத் தூளாகச் சந்தைக்கு வருவது அதன் ஹைட்ரோகுளோரைடு உப்பு. அந்தத் தூளை மூக்கால் உறிஞ்சுவார்கள், அல்லது நீரில் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொள்வார்கள். அதே தூளோடு ஆப்பசோடாவும் தண்ணீரும் சேர்த்து அடுப்பில் காய்ச்சினால் வெளிறிய கட்டிகள் கிடைக்கும்; சூடேறும்போது அக்கட்டி படபடவென வெடிக்கும் ஓசையே அதற்குக் ‘கிராக்’ என்ற பெயரைத் தந்தது. கிராக்கைப் புகையாக இழுக்கும்போது அது நுரையீரல் வழியே சில நொடிகளில் மூளையை எட்டுவதால் போதை கடுமையாகவும் குறுகியதாகவும் இருக்கும். மறுபடி வேண்டும் என்ற வேட்கையும் விரைவில் எழும். உட்கொள்ளும் வழியில் உள்ள இந்த வேறுபாடு உண்மையானதே என்றாலும், உடலுக்குள் சென்ற பின் வேலை செய்வது ஒரே பொருள்தான். வேறுபாடு பெரிதாக இருந்தது விற்பனையில்: தூள் செலவாளிகளின் விருந்துகளில் கைமாறியது, கிராக் 5 டாலருக்கும் 10 டாலருக்கும் சிறு குப்பிகளில் தெருமுனையில் விற்றது. 1980-களின் நடுவில் நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ், மயாமி முதலிய நகரங்களின் ஏழைக் கறுப்பினக் குடியிருப்புகளில் அது பரவியபோது, விற்கும் இடத்தைப் பிடிப்பதற்கான துப்பாக்கிச் சண்டைகளும் கூடவே பரவின என்பதை மறைத்து இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

சட்டம் பிறந்த கதை சில மாதங்களில் முடிந்தது. 1986 ஜூன் 17 அன்று மேரிலாண்ட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் லென் பயஸைத் தொழில்முறை அணியான பாஸ்டன் செல்டிக்ஸ் தேர்ந்தெடுத்தது. இரண்டு நாள் கழித்து, 22 வயதில், கோகெய்ன் மிகையால் அவர் இறந்தார். அவர் உட்கொண்டது கிராக் என்றே அப்போது பரவலாக நம்பப்பட்டது. தூளையே உறிஞ்சியிருந்தார் என்பது பின்னர் தெரிய வந்தபோது சட்டம் ஏற்கெனவே நடைமுறைக்கு வந்திருந்தது. பாஸ்டன் பகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவரும் பிரதிநிதிகள் சபையின் தலைவருமான டிப் ஓ’நீல், ஜூலை விடுமுறையில் சொந்த ஊரில் எங்கும் அதே பேச்சாக இருந்ததைக் கேட்டுத் திரும்பி, நவம்பர் தேர்தலுக்கு முன் தம் ஜனநாயகக் கட்சியின் பெயரில் ஒரு மசோதா ஆயத்தமாக வேண்டும் என்று குழுக்களுக்குப் பணித்தார். அப்போது அக்குழுக்களில் ஒன்றின் சட்ட ஆலோசகராக இருந்து வரைவில் பங்கேற்ற எரிக் ஸ்டெர்லிங், அந்த எண்கள் எவ்வளவு அவசரத்தில் எடுக்கப்பட்டன என்பதைப் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லித் தம் பங்குக்கு வருந்தினார். அதிபர் ரீகன் நிர்வாகத்தின் முன்மொழிவில் ஒரு கிராம் கிராக் 20 கிராம் தூளுக்குச் சமமாக இருந்தது. பிரதிநிதிகள் சபை அதை 50 ஆக்கியது. செனட்டில் அது 100 ஆனது. ஏலத்தில் விலை ஏறுவதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. அக்டோபர் 27 அன்று ரீகன் கையெழுத்திட்டார்.

இதை வெள்ளையர் கூடிக் கறுப்பினத்தவர் மீது திணித்த சட்டம் என்று சுருக்கிவிடுவோருக்கு ஒரு செய்தி இடையூறாக நிற்கிறது. அப்போது பிரதிநிதிகள் சபையில் இருந்த 21 கறுப்பின உறுப்பினர்களில் 11 பேர் அதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள். ஹார்லெமின் பிரதிநிதியும் போதைப்பொருள் குறித்த சிறப்புக் குழுவின் தலைவருமான சார்ல்ஸ் ரேங்கல் கடும் நடவடிக்கை கோரியவர்களில் முன்னணியில் இருந்தார். தங்கள் தெருக்களில் பிள்ளைகள் சுடப்படுவதைக் கண்டவர்கள் காவல் துறையின் பாதுகாப்பைக் கேட்டது இயல்பு; அவர்கள் கேட்ட பாதுகாப்பு எந்த வடிவில் வந்தது என்பது வேறு செய்தி.

அந்த வடிவத்தைப் புரிந்துகொள்ள ‘குறைந்தபட்சக் கட்டாயத் தண்டனை’ என்ற சொல்லின் பொருள் தெரிய வேண்டும். பொதுவாக ஒரு குற்றத்துக்கு உச்சபட்சத் தண்டனையைச் சட்டம் வகுக்கும். அதற்குள் எவ்வளவு என்பதைக் குற்றவாளியின் வயது, பங்கு, முன்வாழ்க்கை, மனந்திருந்தும் வாய்ப்பு ஆகியவற்றைப் பார்த்து நீதிபதி முடிவு செய்வார். குறைந்தபட்சக் கட்டாயத் தண்டனை இதைத் தலைகீழாக்கி, இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று நீதிபதிக்கே கோடு போடுவது. 1986 சட்டத்தின்படி 5 கிராம் கிராக் விற்றவருக்குக் குறைந்தது 5 ஆண்டு. அதே 5 ஆண்டு கிடைக்கத் தூள் விற்பவரிடம் 500 கிராம் இருக்க வேண்டும். 50 கிராம் கிராக்குக்கு 10 ஆண்டு. தூளில் அதற்கு 5 கிலோ. ஐந்து கிராம் கிராக் 10 முதல் 50 முறை புகைக்கப் போதும் என்றும், ஐந்நூறு கிராம் தூள் 2,500 முதல் 5,000 முறை உறிஞ்சப் போதும் என்றும் பின்னர் கணக்கிட்டார்கள். 1988-இல் வந்த திருத்தம், விற்காமல் வெறுமனே வைத்திருந்தாலே, ஐந்து கிராமுக்கு மேற்பட்ட கிராக்குக்கு 5 ஆண்டு என்றது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் வேறு எந்தப் போதைப்பொருளை முதன்முறை கைவசம் வைத்திருந்து பிடிபட்டவருக்கும் உச்சபட்சமே ஓராண்டுதான். கூட்டுச் சதிக்கும் அதே அளவுகள் பொருந்தும் என்று அத்திருத்தம் சேர்த்ததால், கணவனோ காதலனோ விற்ற முழு எடையும் தொலைபேசியை எடுத்துப் பேசிய பெண்ணின் கணக்கிலும் ஏற்றப்படலாயிற்று.

இதோடு இணைந்தது இன்னொரு மாற்றம். 1984-இன் தண்டனைச் சீர்திருத்தச் சட்டம் கூட்டாட்சித் தண்டனை ஆணையம் என்ற அமைப்பை நிறுவி, கூட்டாட்சி நீதிமன்றங்களில் நன்னடத்தைப் பேரில் முன்விடுதலை அளிக்கும் பரோல் முறையை ஒழித்திருந்தது. தண்டனையில் ஏறத்தாழ 85 சதவீதத்தைக் கழித்தே தீர வேண்டும். ஆணையம் 1987 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த வழிகாட்டு அட்டவணை, நாடாளுமன்றமான காங்கிரஸ் இரண்டு அளவுகளுக்கு மட்டும் விதித்த 100-க்கு 1 என்ற விகிதத்தை எல்லா எடைகளுக்கும் நீட்டித்துவிட்டது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறும் நீதிபதிகளின் மனச்சாய்வைக் கட்டுப்படுத்தவே இச்சீர்திருத்தம் கொண்டுவரப்பட்டது என்பதும், இன வேறுபாட்டைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் தாராளவாதிகள் பலர் அதை வரவேற்றார்கள் என்பதும் இவ்வரலாற்றின் கசப்பான முரண். நீதிபதியிடமிருந்து பறிக்கப்பட்ட தெரிவுரிமை மறைந்துவிடவில்லை. எடையே தண்டனையை முடிவு செய்கிறது என்றால், எந்த எடையைக் குற்றப்பத்திரிகையில் எழுதுவது, வழக்கைப் பரோல் உள்ள மாநில நீதிமன்றத்துக்கு விடுவதா, கூட்டாட்சி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதா, யாரிடம் துப்புப் பெற்றுச் சலுகை கோருவது என்பவற்றை முடிவு செய்யும் அரசு வழக்குரைஞரே உண்மையில் தண்டனையை விதிப்பவராகிறார். நீதிபதியின் தீர்ப்பு திறந்த மன்றத்தில் காரணத்தோடு சொல்லப்படுவது, மேல்முறையீட்டுக்கு உட்பட்டது. வழக்குரைஞரின் முடிவோ அறைக்குள் எடுக்கப்படுவது, காரணம் சொல்லத் தேவையில்லாதது.

எடைக் கணக்கு வணிகத்தின் படிநிலையையும் கவிழ்த்தது. எல்லை தாண்டி வருவது தூள். கிராக் கடைசிக் கட்டத்தில் ஏதோ ஒரு வீட்டுச் சமையலறையில் காய்ச்சப்படுவது. ஆகவே பத்துப் பதினைந்து சில்லறை விற்பனையாளர்களுக்குத் தூள் விநியோகித்த மொத்த வியாபாரி 400 கிராமோடு பிடிபட்டால் கட்டாயத் தண்டனையிலிருந்து தப்பலாம். அவரிடம் வாங்கி ஆறு கிராம் காய்ச்சி விற்ற பையன் தப்ப முடியாது. தெருவில் திறந்தவெளியில் விற்பனை நடந்த இடங்களில், வாங்குபவர் போல் நடித்துப் பிடிக்கும் உத்தி காவல் துறைக்கு மிக மலிவாக அமைந்தது. கதவடைத்த வீடுகளிலும் கல்லூரி விடுதிகளிலும் கைமாறியதைப் பிடிக்க நீதிமன்ற ஆணையும், உளவாளியும், மாதக்கணக்கான பொறுமையும் தேவைப்பட்டன.

விளைவைத் தண்டனை ஆணையமே 1995 பிப்ரவரி அறிக்கையில் அச்சிட்டுக் காட்டியது. 1991-ஆம் ஆண்டின் குடும்பக் கணக்கெடுப்பில் அவ்வாண்டு கிராக் பயன்படுத்தியதாகக் கூறியவர்களில் 52 சதவீதம் வெள்ளையர், 38 சதவீதம் கறுப்பினத்தவர். 1993-இல் கூட்டாட்சி நீதிமன்றங்களில் கிராக் விற்பனைக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் 88.3 சதவீதம் கறுப்பினத்தவர், 4.1 சதவீதம் வெள்ளையர். பயன்படுத்துவோரும் விற்போரும் ஒருவரல்லர் என்று எதிர்வாதம் செய்யலாம், அதில் நியாயமும் உண்டு; ஆனால் அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ் 1995-இல் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, 1986-க்குப் பின் அப்பகுதியின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் கிராக் குற்றத்துக்காக ஒரு வெள்ளையர்கூடத் தண்டிக்கப்படவில்லை என்பதும், அதே காலத்தில் கிராக் விற்ற வெள்ளையர் நூற்றுக்கணக்கில் தண்டனை குறைந்த மாநில நீதிமன்றங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள் என்பதும் வெளியாயின. வெள்ளைக் கிராக் விற்பனையாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வேறு கதவு திறந்திருந்தது.

இத்தனை தெளிவான எண்ணிக்கை நீதிமன்றத்தில் எடுபடாமல் போனதற்குக் காரணம் முன்பே வகுக்கப்பட்டுவிட்ட ஒரு கோட்பாடு. அரசியலமைப்பு உறுதியளிக்கும் சமப் பாதுகாப்பை ஒரு சட்டம் மீறுகிறது என்று நிறுவ, அதன் விளைவு ஓர் இனத்தின் மேல் அதிகமாக விழுகிறது என்று காட்டினால் போதாது, அந்த நோக்கத்தோடு இயற்றப்பட்டது என்று காட்ட வேண்டும் என 1976-இல் வாஷிங்டன் எதிர் டேவிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1979-இல் அது மேலும் இறுக்கப்பட்டது: தீய விளைவு வரும் என்று தெரிந்திருந்தும் இயற்றியது போதாது, அது வர வேண்டும் என்பதற்காகவே இயற்றியிருக்க வேண்டும். குற்றவியல் நீதியில் இக்கோட்பாட்டுக்கு உரைகல்லானது 1987-இல் தீர்ப்பான மெக்லெஸ்கி எதிர் கெம்ப். அட்லாண்டாவில் கொள்ளையின்போது வெள்ளைக் காவலர் ஒருவரைக் கொன்றதாக மரண தண்டனை பெற்ற வாரன் மெக்லெஸ்கிக்காக, அயோவா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் டேவிட் பால்டஸும் அவருடைய தோழர்களும் ஜார்ஜியா மாநிலத்தின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை ஆராய்ந்த முடிவுகள் முன்வைக்கப்பட்டன. இனமல்லாத பல காரணிகளைக் கழித்த பின்னும், வெள்ளையரைக் கொன்றவர் கறுப்பினத்தவரைக் கொன்றவரைவிட 4.3 மடங்கு மரண தண்டனைக்கு உள்ளாகும் நிலையில் இருந்தார். ஆய்வு சரியானது என்றே வைத்துக்கொண்டாலும், இந்த வழக்கில் இந்த ஜூரி இனத்தை எண்ணித் தீர்ப்பளித்தது என்பதற்கு அது சான்றாகாது என்று, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மைக்காக நீதிபதி லூயிஸ் பவல் எழுதினார். இவ்வாதத்தை ஏற்றால் அது மரண தண்டனையோடு நிற்காது, எல்லா வகைத் தண்டனைகளையும் கேள்விக்கு உள்ளாக்கும் என்பதையும் அவர் ஒரு காரணமாகவே சொன்னார். நோய் பெரிது என்பதால் மருந்து கொடுக்க இயலாது என்பதற்கு ஒப்பான இக்காரணத்தை நீதிபதி பிரென்னன் தம் மறுப்புரையில் கடுமையாகச் சாடினார். 1991 செப்டம்பரில் மெக்லெஸ்கி மின்னாற்காலியில் கொல்லப்பட்டார். அவ்வாண்டிலேயே, ஓய்வு பெற்றிருந்த பவல், தம் வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஏதேனும் ஒரு வழக்கில் தீர்ப்பை மாற்றிக்கொள்வீர்களா என்று கேட்டபோது, இந்த வழக்கின் பெயரைச் சொன்னார்.

இக்கோட்பாட்டை மீற முயன்ற இரண்டு நீதிபதிகளின் கதை தனித்தனியே முடிந்தது. மினசோட்டா மாநிலச் சட்டத்தில் மூன்று கிராம் கிராக்குக்கு 20 ஆண்டு வரையும், அதே மூன்று கிராம் தூளுக்கு 5 ஆண்டு வரையும் விதிக்கலாம் என்றிருந்தது. கிராக் வைத்திருந்ததாக 1988-இல் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 96.6 சதவீதம் கறுப்பினத்தவர், தூளில் 79.6 சதவீதம் வெள்ளையர். ஹென்னபின் மாவட்ட நீதிபதி பமீலா அலெக்சாண்டர் இந்த வேறுபாடு செல்லாது என்று தீர்ப்பளித்தார். 1991 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம், கூட்டாட்சி அரசியலமைப்பை விட்டுவிட்டு மாநில அரசியலமைப்பின் பேரில், அதை உறுதி செய்தது. உடனே கூடிய மாநிலச் சட்டமன்றம் இரண்டையும் சமமாக்கியது: கிராக்கின் தண்டனையை இறக்கி அல்ல, தூளின் தண்டனையைக் கிராக்கின் அளவுக்கு ஏற்றி. செயின்ட் லூயிஸில் கூட்டாட்சி நீதிபதி கிளைடு காஹில் 1994-இல் வேறு வழியை முயன்றார். பதினெட்டு வயது இளைஞர் ஒருவருக்கு 10 ஆண்டு கட்டாயத் தண்டனை விதிக்க மறுத்த அவர், கிராக் பீதியைக் கிளப்பிய செய்திகளையும் மன்றங்களின் உரைகளையும் விரித்து ஆராய்ந்து, தன்னையறியாத இனச்சாய்வும் சட்டத்தின் நோக்கமாகக் கொள்ளத்தக்கதே என்று எழுதினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டில் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது.

எஞ்சியிருந்த வழி வழக்குரைஞரின் அறைக் கதவைத் தட்டுவது. லாஸ் ஏஞ்சல்ஸில் அரசுச் செலவில் ஏழைகளுக்கு வாதாடும் வழக்குரைஞர் அலுவலகம், 1991-இல் தாங்கள் முடித்த 24 கிராக் வழக்குகளிலும் குற்றம் சாட்டப்பட்டவர் கறுப்பினத்தவரே என்று காட்டி, வழக்குகள் எந்த அளவுகோலில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்பதற்கான ஆவணங்களைக் கேட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மறுத்தது. அதே நிலையிலிருந்த வெள்ளையர் ஒருவர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்படாமல் விடப்பட்டார் என்று முதலில் காட்டினால்தான் ஆவணம் கேட்கவே தகுதி உண்டாம். ஆவணத்தில் இருப்பதைக் காட்டினால்தான் ஆவணத்தைப் பார்க்கலாம் என்ற இந்த விதியைத் தாண்டி வென்ற வழக்குகள் மிக அரிது.

நீதிமன்றங்கள் காங்கிரஸைக் கைகாட்டின. காங்கிரஸ் என்ன செய்தது என்பதற்கு 1995-இன் அக்டோபர் மாதமே போதும். வழிகாட்டு அட்டவணையில் இரண்டு வடிவங்களையும் சமமாக்கும் திருத்தத்தைத் தண்டனை ஆணையம் நான்குக்கு மூன்று என்ற வாக்கில் அனுப்பியிருந்தது. ஆணையத்தின் திருத்தம் ஒன்றை நிராகரிப்பது அதுவரை காங்கிரஸில் நடந்திராதது. அது அம்முறை நடந்தது. பிரதிநிதிகள் சபை வாக்களித்த செய்தி பரவிய சில நாட்களுக்குள் அலபாமாவின் டாலடேகா உள்ளிட்ட பல கூட்டாட்சிச் சிறைகளில் கலகம் வெடித்து, நாடெங்கும் கைதிகள் அறைகளில் பூட்டப்பட்டார்கள். மாத முடிவில் அதிபர் கிளின்டன் நிராகரிப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1980-இல் சுமார் 24,000 பேர் இருந்த கூட்டாட்சிச் சிறைகளில் 2013-இல் 2,19,000 பேர் இருந்தார்கள்.

பிறகு வந்த தளர்வுகளை விரைவாகவே சொல்லலாம். 2005-இல் வழிகாட்டு அட்டவணை கட்டாயமல்ல, ஆலோசனையே என்று ஆனது. 2007-இல், 100-க்கு 1 என்ற விகிதத்தில் உடன்பாடில்லை என்ற காரணத்துக்காகவே நீதிபதி அட்டவணையிலிருந்து விலகலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் சட்டத்தில் எழுதப்பட்ட கட்டாயத் தண்டனை அப்படியே நின்றது. 2010-இல் செனட்டில் டிக் டர்பின் 1-க்கு 1 என்றும் ஜெஃப் செஷன்ஸ் 20-க்கு 1 என்றும் பேரம் பேசி 18-இல் வந்து நின்றார்கள். ஒரு அவுன்சுக்கு அண்மையான 28 கிராம் கிராக் 500 கிராம் தூளுக்குச் சமமானது; 100-க்கு எவ்வளவு வேதியியல் ஆதாரம் இருந்ததோ அவ்வளவுதான் 18-க்கும் இருந்தது. கைவசம் வைத்திருந்ததற்கான கட்டாயத் தண்டனை நீக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு 2010-இன் அந்தச் சட்டம் பொருந்தவில்லை. அவர்கள் அச்சட்டத்தின்படி தண்டனைக் குறைப்புக்கு மனுச் செய்யும் வாய்ப்பு 2018 டிசம்பரில்தான் வந்தது.

அப்போதும் எல்லோருக்கும் வரவில்லை. 3.9 கிராம் கிராக் விற்கக் கருதியதற்காகவும், பழைய குற்றங்களின் பேரில் கூட்டப்பட்டும், பதினைந்து ஆண்டுக்கு மேல் தண்டனை பெற்ற புளோரிடா மனிதர் ஒருவர், ஐந்து கிராமுக்கும் ஐம்பது கிராமுக்கும் மேல் விற்றவர்கள் விடுதலை பெற்றுச் செல்வதைக் கண்டு தானும் மனுச் செய்தார். 2010-இன் சட்டம் மாற்றியது ஐந்து கிராம், ஐம்பது கிராம் என்ற எல்லைகளை மட்டுமே. எந்த எல்லையையும் எட்டாத அளவில் தண்டிக்கப்பட்டவரின் பிரிவு மாற்றப்படவே இல்லை. ஆகவே அவருக்குச் சலுகை கிடையாது என்று 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்த்தது. சட்டத்தின் வாசகப்படி அதில் பிழை காண்பதும் எளிதன்று. அவ்வாண்டு செப்டம்பரில் இரண்டு வடிவங்களையும் முற்றிலும் சமமாக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 361-க்கு 66 என்ற வாக்கில் நிறைவேற்றியது; செனட்டில் அது வாக்கெடுப்புக்கு வராமலேயே அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்தது.

அது முடியும் தறுவாயில், 2022 டிசம்பரில், தலைமை அரசு வழக்குரைஞர் மெரிக் கார்லண்ட் தம் கீழுள்ள வழக்குரைஞர்களுக்கு ஒரு குறிப்பாணை அனுப்பினார். கிராக் வழக்குகளில் கட்டாயத் தண்டனை எழும்வகையில் எடையைக் குற்றப்பத்திரிகையில் எழுதுவதைத் தவிர்க்கவும், தூளுக்குரிய அளவையே கையாளவும் அது பணித்தது. 1986 முதல் தண்டனையைத் தன் கையில் வைத்திருந்த அதே அறையிலிருந்துதான் தளர்வும் வந்தது. நீதிமன்றத்தில் எவரும் உரிமையாகக் கோர முடியாத, அடுத்து அப்பதவிக்கு வருபவர் ஒரு தாளில் மாற்றிவிடக்கூடிய குறிப்பாணை அது. சட்டப் புத்தகத்தில் 28 கிராம் அப்படியே இருந்தது.